பாதி மானுக்குப் போன பிரஸ்

வெர்னா ஸ்கார் சுட்ட குண்டுகள் அந்தக் கோடை முழுக்க ஒன்று மேலே, ஒன்று கீழே என்று போய்க்கொண்டிருந்தன. இடமும் வலமும் போனால் காற்றைத் திட்டலாம். ஜூடித் பள்ளத்தாக்கில் காற்றைத் திட்டாமல் யாரும் துப்பாக்கியைக் கீழே வைத்ததில்லை. மேலும் கீழுமாகப் போனால் மட்டும் திட்டுவதற்குச் சுட்டவளைத் தவிர ஆளில்லை. ஆயிரம் கஜத்துக்கு அப்பால் நிற்கும் இலக்கில், மட்டப்பலகை வைத்தது போல வருஷக்கணக்காக ஒரே வரிசையில் குண்டு வைத்தவள் அவள். துப்பாக்கிக் கிளப்பில் பாதிப் பேருக்கு அவள்மேல் பொறாமை, மீதிப் பேருக்கு மரியாதை. இப்போது அவை இரண்டும் போய்ப் பரிதாபம் வந்திருந்தது. பரிதாபம் என்றாலே வெர்னாவுக்கு ஆகாது.

ஆகஸ்டுப் போட்டி முடிந்த கையோடு அணித் தலைவர் கோர்டி அவளுடைய டிரக்கின் கதவில் வந்து சாய்ந்தார். எழுபதைத் தாண்டிய மனிதர். கெட்ட செய்தி சொல்வதற்கு முன்னால் தொப்பியைக் கழற்றித் துடைப்பது அவர் வழக்கம். துடைத்தார்.

"மிசூலா போட்டிக்கு நம்ம கிளப்லேர்ந்து நாலு பேருதான் போக முடியும் வெர்னா. உனக்கே தெரியும்."

"தெரியும். அதுல நான் ஒருத்தி."

"இருந்த. லைல் பெக்கார் இந்த வருஷம் எப்படிச் சுடறான்னு பாத்தேல்ல? வர்ற சனிக்கிழமை நீயும் அவனும் பக்கத்துப் பக்கத்துல படுத்துச் சுடுங்க. யார் அதிகம் வாங்கறாங்களோ அவங்க வரட்டும்."

"பக்கத்துப் பக்கத்துல படுக்கறதா? லைலோட பொண்டாட்டி காதுல விழுந்தா உங்க தொப்பி தப்பாது."

கோர்டி சிரிக்கவில்லை. அதுதான் அவளுக்கு உறைத்தது. "கண்ணைக் காட்டினியாம்மா?" என்றார்.

"காட்டினேன். கண்ணு ரெண்டும் கல்லு மாதிரி இருக்குன்னு டாக்டர் சொல்லிட்டாரு."

"அப்ப வயசுதான். எல்லாருக்கும் வர்றதுதானே."

அவர் தொப்பியைப் போட்டுக்கொண்டு போய்விட்டார். வெர்னா வண்டியைக் கிளப்பாமல் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள். வயசாம். தானியக் கிடங்கின் எடைமேடையில் நாள் முழுக்க நின்று, கோதுமை லாரிக்காரன் ஒவ்வொருத்தனையும் வாயை மூடவைக்கிறவளுக்கு வயசாம். அந்த நாலில் ஒரு இடம் அவளுடையது. அது அவளுக்கு வேண்டும். யாரும் விட்டுக்கொடுத்து வேண்டாம், சுட்டே வேண்டும்.

கடையில் வாங்கின தோட்டாவோடு ஆயிரம் கஜத்துக்கு வருவதும், இரவல் பல்செட்டோடு கல்யாணத்துக்குப் போவதும் எங்கள் கிளப்பில் ஒன்றுதான். அவரவர் தோட்டாவை அவரவரே செய்துகொள்வார்கள். சுட்ட பித்தளைக் கூட்டை, மேஜையில் பொருத்தின பிரஸ் என்கிற அழுத்துக் கருவியில் வைத்துக் கைப்பிடியை இழுத்தால், கூடு மேலே ஏறி எஃகு அச்சுக்குள் நுழையும். வீங்கின உடம்பு பழைய அளவுக்கு இறுகும். பிறகு தீப்பொறி கொடுக்கிற புது பிரைமர், நிறுத்துப் போட்ட வெடிமருந்து, கடைசியில் அதே பிரஸ்ஸில் குண்டை அழுத்தி உட்காரவைக்க வேண்டும். எல்லாக் கூடும் ஒரே அளவாக, எல்லாக் குண்டும் ஒரே ஆழமாக இருந்தால் எல்லாம் ஒரே வேகத்தில் போகும். வேகம் மாறினால் ஆயிரம் கஜத்தில் மேலும் கீழும்தான்.

வெர்னா மருந்தை மாற்றிப் பார்த்திருந்தாள். பிரைமரை மாற்றினாள். குழலைத் தேய்த்துத் தேய்த்துக் கை ஓய்ந்தாள். தொலைநோக்கியின் திருகுகளை எல்லாம் கழற்றி மாட்டினாள். அவள் தொடாதது பிரஸ் ஒன்றைத்தான். "பிரஸ்ங்கறது வெறும் நெம்புகோல், வேலை செய்யறது அச்சுதான்" என்று கிளப்பில் எல்லாரும் வேத வாக்காகச் சொல்வார்கள். அவளும் அப்படிச் சொல்லி நாலு பேரை மட்டம் தட்டியிருக்கிறாள். அதோடு அந்த பிரஸ்ஸை அவள் சந்தேகப்படாததற்கு இன்னொரு காரணமும் இருந்தது. அது சிவப்பு ரிப்பன் கட்டி வந்த பிரஸ்.

விஷயம் இதுதான். அவளுடைய பழைய பிரஸ் வார்ப்பிரும்பு. நான்கு பக்கமும் மூடின சட்டம், கழுதைக் கனம். போன நவம்பரில் அவள் பில்லிங்ஸில் தங்கை வீட்டில் இருந்தபோது, கணவன் அர்லின் அதை லைல் பெக்காரிடம் கொடுத்துவிட்டு, லைல் வேட்டையாடின எல்க் மானில் பாதியை வாங்கி ஃப்ரீசரை நிரப்பிவிட்டான். கிறிஸ்துமஸுக்கு நீல நிறத்தில் பளபளவென்று ஒரு அலுமினிய பிரஸ் வந்தது. முன்பக்கம் திறந்த சட்டம், இழுத்தால் பஞ்சு மாதிரி வரும் கைப்பிடி. "உனக்குத் தோள் வலிக்குதுன்னு சொன்னேல்ல" என்று அவன் சொன்னபோது அவன் முகம் இருந்த இருப்பில், கேட்காமல் கொடுத்ததைப் பற்றி அவள் வாயைத் திறக்கவில்லை. விழுங்கிக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவள் வேறு எதையும் யோசிக்காமல், புதிதாக இறுக்கின கூடுகளை வரிசையாக நிறுத்தி அளந்தாள். அங்குலத்தை ஆயிரமாகப் பிளந்து அளக்கிறவர்கள் நாங்கள். அதில் ஒரு பங்கை தௌ என்போம். கூட்டின் தோள், அதாவது கழுத்துக்குக் கீழே சரியும் இடம், எல்லாவற்றிலும் ஒரே உயரத்தில் நிற்க வேண்டும். ஒரு தௌ ஏறி இறங்கினால் பொறுத்துக்கொள்ளலாம். இங்கே நாலும் ஐந்தும் ஏறி இறங்கியது. ஒரே அச்சு, ஒரே கை, கூடு அச்சில் சிக்காமலிருக்கப் பூசுகிற மெழுகும் ஒன்றே. மறுபடியும் அளந்தாள். அதேதான்.

அர்லினின் பட்டறையிலிருந்து, இம்மி அசைவையும் ஊசியில் காட்டுகிற டயல் கேஜைக் கொண்டுவந்தாள். அதன் காந்தக் கால் அலுமினியத்தில் ஒட்டவில்லை. மேஜையிலிருந்த இரும்பு வைஸில் ஒட்டவைத்து, அதன் முனையை பிரஸ்ஸின் தலையில் படும்படி நிறுத்தினாள். வெறும் கைப்பிடியை இழுத்தாள். ஊசி அசையவில்லை. ஒரு கூட்டை வைத்து இழுத்தாள். ஊசி நகர்ந்தது. பல தடவை சுட்டு இறுகிப்போன வேறொரு கூட்டை வைத்தாள். ஊசி இன்னும் அதிகமாக நகர்ந்தது. கூடு முரண்டு பிடிக்கப் பிடிக்கச் சட்டம் வாயைப் பிளந்து கொடுத்துக்கொண்டிருந்தது. தலையோடு அச்சும் மேலே போய்விட்டால் தோள் எப்படி இறங்கும்?

"அடப்பாவி" என்றாள் அந்த பிரஸ்ஸைப் பார்த்து. எட்டு மாதமாகத் தன்னையே திட்டிக்கொண்டிருந்தவள் அவள்.

அர்லின் சமையலறையில் தொத்திறைச்சி வதக்கிக்கொண்டிருந்தான். அறுவடை இயந்திரம் பழுதுபார்க்கிற ஆள். ஞாயிற்றுக்கிழமையிலும் நகக்கண்ணில் கிரீஸ் இருக்கும்.

"அடுப்பை அணைச்சுட்டு வா. ஒண்ணு காட்டணும்."

"கருகிடும் வெர்னா."

"கருகட்டும்."

அவன் வந்தான். அவள் ஒன்றும் விளக்கவில்லை. கூட்டை வைத்து, "இழு, ஊசியைப் பாரு" என்றாள். இழுத்தான். பார்த்தான். இன்னொன்றை வைத்தாள். அதையும் இழுத்தான். அவன் முகத்தில் ஈயாடவில்லை.

"மெழுகு பத்தலையோ என்னமோ" என்றான் மெதுவாக.

"மெழுகு பத்தலன்னா என் கையைப் போட்டுத் தேய்க்கறேன். அர்லின், நீ மெக்கானிக். உனக்கு நான் சொல்லித் தரணுமா?"

"நல்ல பிரஸ்ஸுன்னு சொன்னான் கடைக்காரன்."

"கைத்துப்பாக்கித் தோட்டாவுக்கு நல்ல பிரஸ்தான். முயல் சுடறவனுக்கு நல்ல பிரஸ்தான். எனக்கு ஆகாது. என் பிரஸ்ஸை எடுத்துக் குடுத்துட்டு, குளிர்காலம் பூரா அதைத்தான் ரெண்டு பேரும் உக்காந்து தின்னிருக்கோம்."

சொல்லிவிட்ட பிறகு அவளுக்கே சங்கடமாக இருந்தது. திருப்பி எடுக்கவில்லை. அர்லின் கைப்பிடியிலிருந்து கையை எடுத்து பேண்ட்டில் துடைத்துக்கொண்டு உள்ளே போனான். தொத்திறைச்சி உண்மையிலேயே கருகியிருந்தது. இரண்டு பேரும் அதையே சாப்பிட்டார்கள்.

மறுநாள் வேலை முடிந்ததும் அவள் நேராக லைல் வீட்டுக்குப் போனாள். லைல் கொட்டகையில்தான் இருந்தான். மேஜையின் நடுவில் அவளுடைய பழைய பிரஸ் துடைத்து எண்ணெய் போட்டு நின்றது.

"கொஞ்சம் தோட்டாவுக்கு மட்டும் இந்த பிரஸ்ஸைக் குடு லைல். இங்கயே, உன் கண்ணு முன்னாடியே செஞ்சுக்கறேன்."

ஒருத்தருடைய மேஜையை இன்னொருத்தர் தொடுவது எங்கள் ஊரில் இல்லாத வழக்கம். கேட்பதே பெரிய விஷயம். லைலுக்கு அது தெரியும். காது மடல் சிவந்துவிட்டது.

"சனிக்கிழமை முடியட்டும். அப்புறம் எவ்வளவு வேணும்னாலும் செஞ்சுக்க."

"சனிக்கிழமைக்குத்தானே கேக்கறேன்."

"அதனாலதான் சொல்றேன்." அவன் கொஞ்ச நேரம் கழற்றின திருகு ஒன்றை உருட்டிக்கொண்டிருந்தான். பிறகு கடகடவென்று சொன்னான். "பொறந்ததுலேர்ந்து நான் கடைசிக்கு முந்தின ஆளு. இந்த வருஷந்தான் நாலு பேரு என்னைத் திரும்பிப் பாக்கறாங்க. அது நானா, இந்த இரும்பான்னு எனக்கே தெரியல. நீயும் இதுலயே செஞ்சு என்னை அடிச்சுட்டேன்னா, தெரிஞ்சுடும். எனக்குத் தெரிய வேண்டாம்."

வெர்னா கோபத்தோடுதான் வந்திருந்தாள். இதைக் கேட்டதும் கோபம் எங்கேயோ போய்விட்டது. அதற்காக லைல்மேல் அவளுக்கு இன்னும் எரிச்சல் வந்தது. கோபம் இருந்தால் வண்டி ஓட்ட வசதியாக இருந்திருக்கும்.

"சரி. நான் அந்த நீலப் பிசாசுலயே செஞ்சுட்டு வரேன். நீ நல்லாத் தூங்கு" என்றாள்.

"நீ தூங்கவிட்டாத்தானே."

வீட்டுக்கு வந்தபோது பட்டறையில் வெல்டிங் வெளிச்சம் அடித்துக்கொண்டிருந்தது. அவள் எட்டிப் பார்க்கவில்லை. மேஜைக்குப் போய் வேலையை ஆரம்பித்தாள். முதலில் கூடுகளின் கழுத்தை ஒவ்வொன்றாகத் தீயில் காட்டி, இறுகின பித்தளையை இளக்கினாள். ஆறினதும் எல்லாவற்றுக்கும் ஒரே மாதிரி மெழுகு, விரல் நுனியால், கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு. அச்சுக்குள் ஒரு தடவை ஏற்றி, கைப்பிடியை அப்படியே பிடித்து நிறுத்தி, இறக்கி, கூட்டைப் பாதி திருப்பி, மறுபடியும் ஏற்றினாள். அளந்தாள். ஏற்ற இறக்கம் கொஞ்சம் குறைந்திருந்தது. போதாது.

அப்போதுதான் அர்லின் வந்தான். கையில் இரண்டு தடித்த எஃகுக் கம்பிகளும் இரண்டு பட்டைகளும். பழைய அறுவடை இயந்திரத்தின் அச்சுத்தண்டை வெட்டிச் செய்தது என்று பார்த்ததுமே அவளுக்குத் தெரிந்தது.

"நகரு" என்றான்.

"என்ன பண்ணப்போற?"

"வாய் பொளக்குதுன்னியே. கட்டப்போறேன்."

ஒரு பட்டையை பிரஸ்ஸின் தலையிலும் இன்னொன்றை அடியிலும் பிடித்து, திறந்த முன்பக்கத்தில் இரண்டு கம்பியையும் நிறுத்தி, நட்டை முறுக்கினான். அழகு என்று யாரும் சொல்ல மாட்டார்கள். பல் கம்பி போட்ட பிள்ளை மாதிரி இருந்தது. கூட்டைப் பக்கவாட்டில் விரலை வளைத்துத்தான் உள்ளே வைக்க முடிந்தது. ஆனால் இறுகின கூடு ஒன்றை வைத்து அவள் இழுத்தபோது ஊசி இலேசாகத் துடித்ததோடு நின்றுவிட்டது.

இரண்டு பேரும் ஊசியையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"கேக்காம குடுத்தது தப்பு" என்றான் அர்லின்.

"தப்புத்தான்" என்றாள். "அந்த நட்டை இன்னும் கால் திருப்பு முறுக்கு."

அந்த வாரம் அவள் வீட்டில் வேறு எந்த வேலையும் செய்யவில்லை. கிடங்கிலிருந்து வந்ததும் மேஜை. ஒவ்வொரு கூட்டையும் இரண்டு தடவை ஏற்றினாள், ஒவ்வொன்றையும் அளந்தாள், ஒரு தௌவுக்கு மேல் தவறினால் வாளியில் போட்டாள். குண்டின் ஆழத்தையும் அப்படியே பார்த்தாள். பழைய இரும்பு பிரஸ்ஸில் கண்ணை மூடிக்கொண்டு வந்ததை இதில் மல்லுக்கட்டி வாங்க வேண்டியிருந்தது. ஒன்றுக்கு மூன்று கழிந்தது. தோள் வலித்தது. வெள்ளிக்கிழமை பொழுது சாயும்போது பெட்டி நிறைந்திருந்தது.

சனிக்கிழமை காலை காற்று மேற்கிலிருந்து விட்டுவிட்டு அடித்தது. எங்கள் கிளப்பில் ஒரு வழக்கம்: இலக்குகளுக்குக் கீழே இருக்கும் குழியில் இறங்கி, சட்டத்தை இறக்கி, துளையைக் குறித்து, மதிப்பெண் அட்டையை வைத்து ஏற்றுவது சுடுகிறவரின் கணவனோ மனைவியோதான், ஆனால் எதிராளியின் இலக்கை. அப்படி லைலின் இலக்குக்கு அர்லின் இறங்கினான். வெர்னாவின் இலக்குக்கு லைலின் மனைவி ஜோலீன் இறங்கினாள்.

முதல் குண்டைச் சுட்டுவிட்டு வெர்னா காத்திருந்தாள். இலக்கு ஏறியது. குறி நடுக்கோட்டு மட்டத்தில், கொஞ்சம் வலது பக்கம். அடுத்தது அதே மட்டம். அதற்கடுத்ததும் அதே மட்டம். எட்டு மாதம் கழித்து அந்த வரிசையைப் பார்த்ததும் அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. துப்பாக்கியின்மேல் கன்னத்தை வைத்திருப்பவள் அழுதால் எல்லாம் கெட்டுப்போகும் என்று தன்னையே அதட்டிக்கொண்டாள்.

ஆளுக்கு இருபது குண்டு, நடுவில் பட்டால் ஒன்றுக்குப் பத்துப் புள்ளி. லைலும் விடவில்லை. அவளுக்குக் காற்று இரண்டு புள்ளியைத் தின்றது, அவனுக்கும் அதே இரண்டு. வெர்னா தன் இருபதையும் முடித்தபோது அவனுக்கு ஒரே குண்டு பாக்கி. அது பத்தானால் சமம். ஒன்பதானால் மிசூலா அவளுக்கு. கோர்டி தொப்பியைக் கையிலேயே வைத்திருந்தார்.

லைல் சுட்டான். இலக்கு இறங்கியது. வழக்கத்தைவிட அதிக நேரம் கீழேயே இருந்தது. வெர்னா தொலைநோக்கியில் கண்ணை வைத்தாள். ஏறியபோது குறி பத்தின் கோட்டுக்கு வெளியேதான் தெரிந்தது. பிறகு சட்டத்தின் ஓரத்தில் அட்டையைப் பார்த்தாள். பத்து.

"துளை கோட்டைத் தொட்டிருக்கும், தொட்டாலே பத்துதான்" என்றார் கோர்டி. "இங்கேருந்து தெரியாது. சந்தேகம்னா கேக்கலாம் வெர்னா, உனக்கு உரிமை இருக்கு."

கீழே இருப்பது அர்லின். அவன் அட்டை வைத்தால் வைத்ததுதான். "கேக்க ஒண்ணுமில்ல" என்றாள். சொல்லும்போதே கோபம் கிளம்பியது. ஒரு கோட்டைப் பார்க்காமல் விட்டிருக்கக் கூடாதா இந்த மனுஷன்?

சமமானால் ஆளுக்கு ஒரே குண்டு. நடுவுக்கு யாருடையது கிட்டமோ அவருக்கு ஜெயம். லைல் முதலில் சுட்டான். பத்து, ஆனால் இடது பக்க ஓரம். அவன் நெற்றியைத் தரையில் வைத்துவிட்டான்.

வெர்னா அவசரப்படவில்லை. காற்றுக் கொடி அடங்கியது, மறுபடி எழுந்தது. மட்டத்தைப் பற்றி அவளுக்குக் கவலையே இல்லை. அந்தத் தோட்டாவை அவளுக்குத் தெரியும். காற்று ஒன்றுதான் கணக்கு. கொடி பாதி சாய்ந்தபோது சுட்டாள்.

இலக்கு ஏறியது. குறி நடுவளையத்துக்குள் உட்கார்ந்திருந்தது.

கோர்டி தொப்பியைப் போட்டுக்கொண்டார். "வயசுன்னு சொன்னதை வாபஸ் வாங்கிக்கறேன்" என்றார்.

"மிசூலாவுல எல்லார் முன்னாடியும் வாங்கிக்கங்க" என்றாள். லைல் எழுந்து வந்து கையை நீட்டினான். அவன் முகத்தைப் பார்த்து, "பிரஸ் என்கிட்ட இல்ல, உன்கிட்டதான் இருக்கு. அது இல்லாமலே நான் சுட்டேன்னா, சுடறது இரும்பு இல்ல. சமத்துக்கு வந்ததும் நீதான். தெரிஞ்சுக்க" என்றாள். அவன் அவள் கையை இரண்டு கையாலும் பிடித்துக் குலுக்கினான்.

குழியிலிருந்து வண்டி வந்து நின்றது. ஜோலீன் இறங்கும்போதே பேச ஆரம்பித்துவிட்டாள். "உன் புருஷன் பண்ணின வேலையைக் கேளு. லைலோட கடைசித் துளையைப் பாத்துட்டு, ஒன்பதுன்னு நானே சொன்னேன். எம்புருஷன் குண்டு, நானே சொல்றேன். இவன் கேக்கல. பையிலேர்ந்து அளவுக் குச்சியை எடுத்து உள்ள விட்டு, கண்ணாடியைப் போட்டு, குனிஞ்சு பாத்து, கோட்டைத் தொடுதுங்கறான். பத்தாம்."

அர்லின் வண்டிக்கு அந்தப் பக்கம் நின்று சட்டையிலிருந்த மண்ணைத் தட்டிக்கொண்டிருந்தான். வெர்னா அவனிடம் போனாள்.

"ஜோலீன் ஒன்பதுன்னு சொல்லியும் பத்து போட்டியா?"

"ஆமா."

"நான் தோத்திருந்தா?"

"தோத்திருப்ப." அவன் அவளை நிமிர்ந்து பார்த்தான். "உன் பிரஸ்ஸை உன்னைக் கேக்காம எடுத்துக் குடுத்தது நான். அதுக்கு ஈடா அவன் புள்ளியை எடுத்து உனக்குக் குடுக்கச் சொல்றியா?"

சற்று முன்னால் வெர்னாவும் அதைத்தானே ஆசைப்பட்டாள். அவன் சட்டைக் காலரில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டிவிட்டாள். தட்டின கையை எடுக்காமல் அவன் தோளிலேயே வைத்துக்கொண்டாள்.

"ஒன்பதுன்னு போட்டிருந்து, எனக்குப் பின்னாடி தெரிஞ்சிருந்தா, உன்னை அந்தக் குழியிலேயே விட்டுட்டு வந்திருப்பேன்" என்றாள்.

"தெரியும்" என்றான் அர்லின். "வா, போலாம். பசிக்குது."